கேட்காமலே புது வெர்ஷன் ஏறிவிட்டது, பழைய போட்டோ மென்பொருளுக்கே திரும்ப வழி சொல்லுங்கள்

பாளை ஸ்டுடியோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் அப்பா 1968-ல் ஆரம்பித்த ஸ்டுடியோவை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று கடை ஓடுகிறது. என் பிரச்சினை கடைப் படங்களைப் பற்றியது இல்லை, அப்பா எடுத்த படங்களைப் பற்றியது.

அப்பாவிடம் '120' என்ற வகை ஃபிலிம் ரோலின் நெகட்டிவ் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. 2014-ல் ஆரம்பித்து இரண்டு வருஷம் இரவு கடை அடைத்தபிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணினேன். 6,200 படம், ஒவ்வொன்றும் 80 எம்பிக்கு மேல். ஆனித் தேரோட்டம், ஈரடுக்கு மேம்பாலம் கட்டும்போது எடுத்தது, 1992 நவம்பர் வெள்ளத்தில் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று எடுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று அப்பா எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். ஸ்கேன் ஆக ஆக அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்துக்கும் கீழே கேப்ஷன் அடித்தேன். எனக்கு அப்போது பாமினி டைப்பிங் மட்டும்தான் தெரியும், பத்திரிகை அடித்துப் பழகிய கை, அதனால் கேப்ஷன் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கிறது. அம்மா 2021-ல் தவறிவிட்டாள்.

போன வாரம் காலையில் கடைப் பையன் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறான். புது வெர்ஷன் தயார் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது, 'சரி' என்பது பெரிய பட்டனாகவும் 'பிறகு' என்பது கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்திலும். அவன் சரியை அமுக்கிவிட்டான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பேன். மூன்று மணி நேரம் என்னவோ ஓடி முடிந்து திறந்து பார்த்தால் நான் பழகிய சாமான் எதுவுமே இல்லை. ஃபோல்டர் வரிசை போய்விட்டது, எல்லாம் தேதி வாரியாக நிற்கிறது. அப்பாவின் படங்களுக்கு ஸ்கேன் பண்ணின தேதிதான் இருக்கிறது, அதனால் 1974 தேரும் 1992 வெள்ளமும் என் தங்கை கல்யாணமும் 2015 மார்ச் என்ற ஒரே குவியலில் கிடக்கின்றன. கேப்ஷன் படத்துக்குக் கீழே வருவதில்லை, பக்கத்தில் ஒரு பட்டியைத் திறந்தால்தான் வருகிறது, அதிலும் எழுத்துருவை மாற்ற வழியே இல்லாததால் அம்மா சொன்னதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த குப்பையாகத் தெரிகிறது. நாலு ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போவதற்குள் காபி ஆறிவிடுகிறது. போதாததற்குத் திறக்கும்போதெல்லாம் கிளவுடில் கணக்குத் தொடங்கச் சொல்கிறது.

நான் செய்தது: புதியதை எடுத்துவிட்டு, பென் டிரைவில் இருந்த பழைய வெர்ஷனை ஏற்றினேன். 'இந்த நூலகம் புதிய வெர்ஷனில் உருவாக்கப்பட்டது, திறக்க இயலாது' என்று சொல்லிவிட்டது. பயந்துபோய் மறுபடியும் புதியதையே ஏற்றி வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10. மென்பொருளின் பெயரை இங்கே போட்டுச் சண்டைபிடிக்க எனக்கு விருப்பமில்லை, உதவி செய்கிறவர்களுக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.

புதியதில் என்னென்ன வசதி என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குப் பழையது வேண்டும், அம்மா சொன்னது அதே மாதிரி படத்துக்குக் கீழே தெரிய வேண்டும்.


குறுக்குத்துறை எழுதியது:

அண்ணாச்சி, முதலில் அந்த மென்பொருளை மூடுங்கள். நான் இதை எழுதி முடிக்கிறவரை திறக்காதீர்கள். ஜங்ஷன் பக்கம் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன், படம் தொலைந்தது என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு முதல் அடியில் போனதை விட அதன்பிறகு பதற்றத்தில் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கியதில் போனதுதான் அதிகம்.

பெயரைத் தனிச்செய்தியில் பார்த்தேன். உங்கள் படம் ஒன்றும் ஆகவில்லை. கடையில் சரக்கு வேறு, பேரேடு வேறு இல்லையா, அதே மாதிரிதான். படங்கள் ஃபோல்டரில் அப்படியே சரக்காக இருக்கின்றன. எந்தப் படத்துக்கு என்ன கேப்ஷன், என்ன டேக் (தேடுவதற்காகப் போடும் அடையாளச் சொல்), எந்த ஆல்பம் என்பதெல்லாம் தனியாக ஒரு ஃபைலில், அதாவது பேரேட்டில் இருக்கிறது. புது வெர்ஷன் அந்த மூன்று மணி நேரத்தில் செய்தது பேரேட்டைப் புதுக் கட்டம் போட்டுத் திருப்பி எழுதியது. பழைய மென்பொருளுக்கு அந்தப் புதுக் கட்டம் படிக்கத் தெரியாது, அதனால்தான் திறக்கமாட்டேன் என்கிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது பழைய மென்பொருள் மட்டும் இல்லை, மாற்றுவதற்கு முந்தைய பேரேடும் வேண்டும். மென்பொருளை மட்டும் பின்னால் கொண்டுபோய்ப் பயனில்லை.

அது எங்கே கிடைக்கும்? சில மென்பொருள்கள் பழைய பேரேட்டைத் தொடாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழுதும், லைட்ரூம் கிளாசிக் அப்படித்தான் செய்கிறது. சில மென்பொருள்கள் ஒரு நகலை எங்காவது ஒதுக்கி வைத்துவிட்டு அதே ஃபைல்மேலேயே எழுதும், உங்களுடையது இந்த வகை. அந்த நகல் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். அப்டேட் ஆன தேதிக்கு முந்தைய தேதியில், ஓரளவு பெரிய அளவில் உள்ள ஃபைலைத் தேடுங்கள். கிடைத்ததும் அதன் ஒரு நகலை நோட்பேடில் திறங்கள், முதல் வரியில் எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3 என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது பேரேடுதான், மற்றதெல்லாம் படிக்க முடியாமல் இருக்கும், சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பேரேட்டுக்குப் பக்கத்தில் அதே பெயரில் கடைசியில் ஆங்கிலத்தில் 'வால்' (wal) அல்லது 'ஜர்னல்' (journal) என்று ஒட்டிய சின்ன ஃபைல் கிடந்தால் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கடைசியாக அடித்த விஷயங்கள் பேரேட்டில் ஏறாமல் அந்தத் துண்டுச்சீட்டிலேயே நின்றிருக்கலாம். மென்பொருளை மூடியபிறகு நகல் எடுங்கள் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்.

எதையும் ஏற்றுவதற்கு முன்னால், இப்போது இருக்கும் புதுப் பேரேடு உட்பட மொத்தத்தையும் வேறு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முறை நகல் எடுத்துவிடுங்கள். பைய செய்யுங்கள், ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. சிஸ்டம் ரீஸ்டோர் பண்ணினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது விண்டோஸையும் நிரல்களையும் பின்னால் கொண்டுபோகுமே தவிர உங்கள் சொந்த ஃபைலைப் பழைய நிலைக்குத் திருப்புவதற்காக உள்ளது இல்லை.


பாளை ஸ்டுடியோ எழுதியது:

தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி மறைந்த ஃபோல்டரில் பார்த்தேன். நகல் என்று பெயர் போட்டு ஒரு ஃபைல் இருக்கிறது, தேதியும் அன்றைய காலைதான். ஆனால் அளவு பூஜ்யம். சி டிரைவ் நிரம்பிக் கிடந்தது, மொத்தமே 200 எம்பி இடம்தான் இருந்திருக்கிறது, பேரேடு 300 எம்பிக்கு மேல். இடமில்லாமல் நகல் எடுக்க முடியாமல் போயிருக்கிறது, அதைச் சொல்லாமலே மேலே எழுதிவிட்டது.

இதைப் பார்த்தபிறகு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.


தென்காசிச் சாரல் எழுதியது:

அண்ணாச்சி, மனதை விடாதீர்கள். கேப்ஷன் அழியவில்லை, புதியதில் குப்பையாகத் தெரிகிறது என்றுதானே சொன்னீர்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் வரும், ஆங்கில எழுத்துக்குமேல் தமிழ் வடிவத்தை ஒட்டிய எழுத்துரு அது. ஆகவே உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிகிறது என்றாலே எழுத்து பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய பேரேடு கிடைக்கவே இல்லை என்றாலும் புதியதிலிருந்து கேப்ஷனை வெளியே எடுத்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிடலாம். அம்மா சொன்னது எங்கேயும் போகாது.

ஆனால் பழையதற்கே திரும்பி அங்கேயே இருந்துவிடுவது என்ற எண்ணத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பிகாசா என்ற கூகுளின் இலவசப் போட்டோ மென்பொருளில் பல வருஷம் இருந்தவள். 2016 மார்ச் 15-உடன் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது அதன்பிறகும் ஓடியது, நானும் விடாமல் வைத்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போனபோதுதான் கைப்பிடியே இல்லாத கிணற்றில் நிற்கிறோம் என்று தெரிந்தது. நல்லவேளையாகப் பிகாசா கேப்ஷனை ஜேபெக் படத்துக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளது, அதனால் அது பிழைத்தது. நட்சத்திரம் போட்டதும், சேமிக்காமல் விட்ட திருத்தங்களும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில் இருந்தன. ஃபோல்டரோடு நகல் எடுத்ததால் அந்த ஃபைலும் கூடவே வந்தது. இல்லாவிட்டால் நட்சத்திரம் அத்தனையும் போயிருக்கும்.

அதோடு விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மென்பொருள், பழைய விண்டோஸ், அதிலேயே வாடிக்கையாளரின் பென் டிரைவும் நெட்டும் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பத்தான் வேண்டும் என்றால் அந்தக் கம்ப்யூட்டரை அப்பாவின் படத்துக்கு மட்டும் ஒதுக்கி, நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கடை வேலைக்கு வேறு கம்ப்யூட்டர்.

தேதிப் பிரச்சினைக்கு: படத்துக்குள் எடுத்த தேதிக்கு ஒரு கட்டமும் டிஜிட்டலாக மாற்றிய தேதிக்கு ஒரு கட்டமும் தனித்தனியாகவே உண்டு, படத்துக்குள்ளேயே குறிப்பு வைக்கும் எக்சிஃப் முறையில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் சில சமயம் இரண்டிலும் அன்றைய தேதியைப் போட்டுவிடும், சில சமயம் ஒன்றுமே போடாமல் விட்டுவிடும், அப்போது மென்பொருள் ஃபைலின் தேதியை எடுத்துக்கொள்ளும். எடுத்த தேதியை 1974 என்று நீங்கள் மாற்றிவிட்டால் எந்த மென்பொருளில் திறந்தாலும் தேர்ப் படம் தேர் ஓடிய வருஷத்தில்தான் நிற்கும். மாதமும் நாளும் தெரியாவிட்டால் ஜனவரி 1 என்று போட்டு, வருஷம் மட்டும் உறுதி என்று கேப்ஷனில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.


கூந்தன்குளத்தான் எழுதியது:

அக்கா சொன்னதில் பாதி சரி. பழையதற்குத் திரும்புவதில் தப்பே இல்லை, பழகிய கைக்குப் பழகிய கருவிதான் வேண்டும். ஆனால் திரும்பினதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பேரேட்டில் இருப்பதைப் படத்துக்குள் எழுதுவது. நான் கல்யாணப் படக்காரன் இல்லை. கூந்தன்குளம், விஜயநாராயணம், நயினார்குளம் என்று குளம் குளமாகப் போய்ப் பறவை எடுக்கிறவன், பதினொரு வருஷப் படம், ஒவ்வொன்றிலும் பறவை பெயர், குளத்தின் பெயர், எண்ணிக்கை. மூன்று மென்பொருள் மாறிவிட்டேன், ஒரு டேக்கும் போகவில்லை. காரணம் டேக் படத்தோடேயே இருக்கிறது.

எக்சிஃப்டூல் என்று ஒரு இலவசக் கருவி உண்டு, ஃபில் ஹார்வி என்பவர் எழுதியது. ஜேபெக், டிஃப் என்ற இரண்டு வகைப் பட ஃபைலிலும் உள்ளே எழுதும், படத்தின் தரத்தில் ஒரு புள்ளி குறையாது, ஏனென்றால் அது படத்தைத் திறந்து திரும்பச் சுருக்குவதில்லை, குறிப்புப் பகுதியை மட்டும் மாற்றுகிறது. எழுதும்போது மாற்றாத ஃபைலை ஒரிஜினல் என்ற பின்னொட்டுடன் பக்கத்தில் வைத்துவிடும். உங்கள் டிஃப் ஒன்று 80 எம்பி, 6,200-க்கும் இப்படி இரண்டு இரண்டாக வைத்தால் அரை டெராபைட் கூடுதலாக வேண்டும், அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு முறை இடமில்லாமல் அடிபட்டிருக்கிறது. கட்டளை அடிக்கப் பிடிக்காவிட்டால் டிஜிகேம் என்ற போட்டோ மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம், அமைப்பில் ஃபைலுக்குள் எழுது என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்து எழுந்த குழி. படத்துக்குள் குறிப்பு எழுத இரண்டு வழி உண்டு, பழைய ஐபிடிசி, புதிய எக்ஸ்எம்பி. ஐபிடிசியில் ஒரு டேக்குக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், அதிலும் 'கூ' நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு குறி. 'மஞ்சள் மூக்கு நாரை' 50 பைட், தப்பித்துவிட்டது. 'கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்' 83 பைட். எனக்கு நானூறு படத்தில் 'கூந்தன்குளம் பறவைகள் ச' என்று வந்து அதற்குமேல் ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் நின்றது. 'ர' என்ற எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு கிடையாது, ஆகவே எக்ஸ்எம்பியில்தான் எழுத வேண்டும். கேப்ஷனுக்கு ஐபிடிசியிலும் 2,000 பைட் உண்டு, அம்மா சொன்ன அளவுக்கு அது போதும், இருந்தாலும் எக்ஸ்எம்பியே நல்லது.

முதலில் பத்துப் படத்தின் நகலில் செய்து, அதை வேறு மென்பொருளில், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் திறந்து படித்துப் பாருங்கள். வேறிடத்தில் தெரிந்தால்தான் எழுதியதாகக் கணக்கு.


குறுக்குத்துறை எழுதியது:

அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன். 2023 டிசம்பர் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்ததா? எங்கள் பக்கம் 18-ம் தேதி கழுத்தளவு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு நம்ம ஊரில் ஹார்ட் டிஸ்க் வாங்காத கடைக்காரரே இல்லை, அந்த மாதத்தில் நானே கையால் அறுபது எழுபது கடைக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். அப்படி ஏதாவது எடுத்து வைத்தீர்களா? படத்தை மட்டும் எடுத்திருந்தால் போதாது, சி டிரைவ் முழுதும் எடுத்தீர்களா என்று பாருங்கள்.


பாளை ஸ்டுடியோ எழுதியது:

தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆனால் பயத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் வடிந்து ஒரு மாதம் கழித்து என் மச்சினன் புது டிஸ்க் ஒன்று வாங்கிவந்து எது முக்கியம் எது முக்கியமில்லை என்று பார்க்க நேரமில்லாமல் மொத்தக் கம்ப்யூட்டரையும் அதில் போட்டுக் கொடுத்தான். அது வீட்டில் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது, நான் மறந்தே போயிருந்தேன். நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். 2024 ஜனவரி தேதியில் பேரேடு, 290 எம்பி. பக்கத்தில் நீங்கள் சொன்ன துண்டுச்சீட்டு ஃபைலும் இருந்தது. நோட்பேடில் முதல் வரி நீங்கள் சொன்ன அதே வரி.

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் இன்னொரு நகல் போட்டுவிட்டு, ரூட்டரை அணைத்து, புதியதை எடுத்து (எடுக்கும்போது நூலகத்தையும் நீக்கவா என்று கேட்டது, அந்த டிக்கை எடுத்துவிட்டேன்), பழையதை ஏற்றி, பேரேட்டின் நகலைக் கொண்டுபோய் வைத்தேன். திறந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் கேள்விக்குறி, படம் காணவில்லை, பட்டியலிலிருந்து நீக்கவா என்று கேட்டது. கை நடுங்கிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, 2024-ல் படங்கள் இருந்த டிரைவ் டி, இடையில் டிவிடி டிரைவ் மாற்றியபோது அது ஈ ஆகிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எழுத்தை மறுபடியும் டி ஆக்கினேன், மென்பொருளை மூடித் திறந்தேன், ஒவ்வொரு கேள்விக்குறியாகப் படமாக மாறியது.

முதலில் திறந்தது தேர்ப் படம். கீழே அம்மா சொன்னது சொன்னபடியே, பாமினியில், நான் அடித்த எழுத்துப்பிழையோடு: '1974 ஆனித் தேர். வலதுகைப் பக்கம் வடம் பிடிப்பது கீழநத்தம் மாமா. காலில் செருப்பு கிடையாது, ரோட்டில் தார் உருகி ஒட்டுகிறது. அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு கொண்டுபோக மறந்துவிட்டேன்.' அந்தக் கடைசி வரியை நான் ஏன் அடித்தேன் என்று நினைவில்லை, அம்மா பேசிக்கொண்டே இருந்திருப்பாள், நானும் அடித்துக்கொண்டே இருந்திருப்பேன். புது வெர்ஷனில் அந்த வரி என் கண்ணில் படவே இல்லை.

2024 ஜனவரிக்குப் பிறகு போட்ட டேக் பழையதில் இல்லை. அது கல்யாணப் படங்கள்தான், ஐந்நூறு அறுநூறு இருக்கும், புதுப் பேரேடும் கையில் இருக்கிறது, பார்த்துப் பார்த்துக் கையால் போட்டுக்கொள்கிறேன். தங்கச்சி சொன்னபடி அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்டைப் பிடுங்கிவிட்டேன். அப்டேட் தேடும் அமைப்பையும் அணைத்துவிட்டேன், ஃபயர்வாலிலும் வெளியே போகும் வழியை அந்த மென்பொருளுக்கு மட்டும் அடைத்துவிட்டேன், என்றைக்காவது யாராவது கேபிளைச் செருகிவிட்டாலும் அது பேசக் கூடாது. பழைய வெர்ஷனின் இன்ஸ்டால் ஃபைலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

கூந்தன்குளத்து அண்ணன் சொன்னதை இன்று ஆரம்பித்தேன். பத்துப் படம் எடுத்து, பாமினியை யூனிகோடுக்கு மாற்றி, எக்ஸ்எம்பியில் எழுதி, மகளின் லேப்டாப்பில் திறந்தேன். ஒன்பது சரியாக வந்தது. ஒன்றில் மட்டும் நடுவில் அர்த்தமில்லாத தமிழ் வருகிறது, 'அப்பாவின்' என்பதற்கும் 'கேமராவில்' என்பதற்கும் இடையில் யாரும் கேள்விப்படாத ஒரு வார்த்தை. பேரேடு கெட்டுவிட்டதா?


தென்காசிச் சாரல் எழுதியது:

அண்ணாச்சி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. பேரேடு கெடவில்லை. அந்த இடத்தில் கேமராவின் பெயரை நீங்கள் ஆங்கிலத்தில் அடித்திருப்பீர்கள். பாமினியில் அடித்ததும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான், நிஜ ஆங்கிலமும் ஆங்கில எழுத்துதான், மாற்றும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். எண்கள் மட்டும் அப்படியே நிற்கும். கேமரா, ஃபிலிம், ஆங்கிலத்தில் அடித்த பெயர் உள்ள கேப்ஷன்களை முதலில் பிரித்து எடுத்துக் கையால்தான் பார்க்க வேண்டும். மாற்றியபிறகு பாமினி மூலத்தை அழித்துவிடாதீர்கள், எங்கே சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட முடியும்.


பாளை ஸ்டுடியோ எழுதியது:

ஆமாம் தங்கச்சி, பழையதில் பார்த்தேன், அந்த இடத்தில் யாஷிகா என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவின் கேமரா அதுதான், அப்படியென்றால் குறைந்தது முந்நூறு நானூறு கேப்ஷனில் அது வரும். கையாலேயே பார்த்துவிடுகிறேன், எப்படியும் எல்லாவற்றையும் ஒரு முறை படிக்கத்தான் போகிறேன். கடை அடைத்தபிறகு ஒரு நாளைக்கு நூறு படம் என்று கணக்கு, தை பிறப்பதற்குள் முடிந்துவிடும். கடைப் பையனும் கூட உட்காருகிறேன் என்கிறான், அவனுக்கு யூனிகோடு டைப்பிங் தெரியும், எனக்குத்தான் இன்னும் வரவில்லை.